வடக்கு வெளிச்சக் கூடம்

நான் புது வீடு கட்டிக் குடிபோன அன்று ஆரணியில் பாதிப் பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். கை கழுவுகிற இடத்தில்கூட வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைப் பார்ப்பதுபோல் புறங்கையால் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மாடிப்படியில் ஏறி இறங்கினார். கிளம்புகிறபோது வாசலில் நின்று, முகப்பில் நான் ஆசை ஆசையாக வைத்திருந்த இரண்டு பெரிய உருண்டைத் தூண்களை அண்ணாந்து பார்த்தார்.

“இந்தத் தூணு எதுக்குங்க இங்க இருக்குது?”

“அழகுக்கும்மா.”

“மேல எதையாச்சும் தாங்குதா?”

“இல்லம்மா, ஷோவுக்குத்தான்.”

“பாவம், சும்மா நின்னுகினு இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். விசேஷ வீட்டுக்கு வந்து பேசுகிற பேச்சா அது? ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை என் வீட்டுக்குள் நான் நுழையும்போதெல்லாம் அந்த இரண்டு தூண்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

அவரை ஊரில் எல்லாரும் ஓவர்சியர் அம்மா என்றுதான் சொன்னோம். அரசாங்கத்தில் கட்டிடம் கட்டும் இலாகாவில் ஓவர்சியராக இருந்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் புருஷனின் ஊரான ஆரணிக்கே வந்து சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். உயரம் என் தோளுக்கும் கீழே. கையில் எப்போதும் ஒரு கனமான தோல் பை. அதற்குள் அளவு டேப், கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, ஒரு நீளமான நோட்டு, மோர் பாட்டில். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதினால், பேரு எதுக்குங்க இங்க இருக்குது என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்காத இடம் கிடையாது. பூக்காரியின் கூடையில் கிடந்த ஒற்றை எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்றாவது மாத்திரையைப் பற்றிக் கேட்டார். டாக்டர் யோசித்துவிட்டு அதை அடித்துவிட்டாராம். அவருடைய கணவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாது. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “பொண்ணு பாக்கப் போனப்போ இவ என்னப் பாத்துட்டு அவங்க அப்பாகிட்ட கேட்டாளாம், இவரு எதுக்கு இங்க இருக்காருன்னு. அவருக்குப் பதில் சொல்லத் தெரியல. காரணம் தெரியாததுல கை வைக்கக் கூடாதுன்னு அப்டியே விட்டுட்டா. நாப்பது வருஷமா இருந்துகினு இருக்கேன்.”

விளையாட்டில்லை, அவருக்கு அது ஒரு சட்டம். ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது. எதற்கு என்று கேட்க வேண்டும். காரணம் தெரிந்து, அது இன்னும் உயிரோடிருந்தால் தொடக்கூடாது. காரணம் தெரியவில்லையென்றால் அப்போதும் தொடக்கூடாது, தெரியும்வரை இருக்கட்டும். காரணம் தெரிந்து, அது முடிந்து போய்விட்டதென்றால் எடுத்துவிடலாம். “அப்போ நானே கடப்பாரை எடுத்துக் குடுப்பேன்” என்பார்.

இந்தச் சட்டம் எங்கள் சங்கத்துக் கூடத்துக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். சங்கத்தின் கூடம் என் அப்பா காலத்தில், மெட்ராஸிலிருந்து வந்த யாரோ ஒரு இளம் இன்ஜினீயர் வரைந்து கொடுத்துக் கட்டியது. கூரை ரம்பத்தின் பல் போல ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த கண்ணாடி. சுவர் பூச்சு வெறும் சிமெண்ட், சாம்பல் நிறம், பெயிண்டே கிடையாது. பக்கச் சுவர்களில் தரையோடு தரையாக ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலி. ஊரில் அதற்கு ரம்பக் கட்டிடம் என்று பேர். வெளியூர் வியாபாரிகள் வந்தால், உள்ளே கூட்டிப்போக எனக்கு வெட்கமாக இருக்கும். பட்டு விற்கிற இடமா, அரிசி மில்லா என்று கேட்பார்கள்.

ஆகவே நான் செயலாளரானதும் செய்த முதல் வேலை, உள்ளே மஞ்சள் அடித்தது. சாம்பல் நிறம் கருமாதிக் கலர், கல்யாணப் பட்டு எடுக்கிற இடம் மங்களகரமாக இருக்க வேண்டாமா என்று கூட்டத்தில் நான்தான் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். சுவர், தூண், கூரையின் அடிப்பக்கம் எல்லாம் பசு மஞ்சள். சாமிக்குச் சூடம் காட்டி, சுவருக்குக் குங்குமம் வைத்தோம்.

அந்த வருஷம் வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். நாவல்பழ நிறத்தில் இருபத்தோரு புடவை. அத்தனைக்கும் ஒரே தடவையில் சாயம் போட முடியாது, இரண்டு தடவையாகப் போட்டார் எங்கள் சாயக்காரர். இரண்டாவது தடவை போட்ட நூலையும் முதல் நூலையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பார்த்தேன். அச்சு அசல் ஒன்று. நெய்யச் சொன்னேன். புடவைகள் போயின. நாலாம் நாள் கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார், கையில் போட்டோவோடும் புடவை மூட்டையோடும். பந்தலில் பாதிப் பேர் நாவல்பழம், மீதிப் பேர் கத்தரிப்பூ.

சாயக்காரரைக் கூப்பிட்டு, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நான் சத்தம் போட்டேன். “கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு? சங்கத்து மானமே போச்சு!”

“அண்ணே, நீங்கதான் உள்ள வச்சுப் பாத்து சரின்னீங்க” என்றார் அவர். முப்பது வருஷமாகச் சங்கத்துக்குச் சாயம் போடுகிறவர். இனி உனக்கு நூல் கிடையாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

யாருக்கோ புடவை எடுக்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த ஓவர்சியர் அம்மா எழுந்து வந்தார். திரும்பி வந்த புடவைகளில் இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்றை எடுத்தார். என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிப்போய், வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். வேறு வேறு. மறுபடி உள்ளே. ஒன்று. மறுபடி வெளியே.

“செக்ரட்டரி சார், இந்தச் சுவரு முன்னாடி எதுக்கு சாம்பலா இருந்துச்சு? கேட்டீங்களா?”

“பெயிண்ட் அடிக்கக் காசில்லாம விட்டிருப்பாங்க.”

“வடக்கால கண்ணாடி எதுக்கு?”

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

“வடக்கு வெளிச்சத்துல வெயில் நேரா விழாது. காலைல பாத்த கலரு சாயங்காலமும் அதே கலருதான். சுவருக்கு எந்தக் கலரும் இல்லன்னா நூலு மேல வேற கலரு ஒட்டாது. பட்டுக் கலரு பாக்கறதுக்குன்னே கட்டுன வீடுங்க இது. நீங்க மஞ்சள அடிச்சு வச்சுகினு அதுக்குள்ள ஊதாவப் பாத்தா, நீலம் கூடக் கொறைய இருக்கறது எங்க தெரியப் போவுது?”

நூல் சிட்டம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. ஓவர்சியர் அம்மா குரலைத் தாழ்த்தி, “நாலு பேரு முன்னாடி திட்டிட்டீங்க. அதையும் நாலு பேரு முன்னாடி சரி பண்ணிடுங்க” என்றார். பண்ணினேன். சாயக்காரர் பெரிய மனிதர். நீலமும் சிவப்பும் ஊறிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வுடுங்கண்ணே” என்றார்.

மஞ்சளைச் சுரண்டி எடுக்க ஒரு மாசம் ஆயிற்று. பழைய சாம்பல் அப்படியே திரும்பி வரவில்லை. அதற்கு அந்த அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. “புதுசா பூசிக்கலாம். நமக்கு வேணுங்கறது வெளிச்சம், பழைய பூச்சு இல்ல” என்றார்.

அப்புறம் அடிக்கடி கூடத்துக்கு வர ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் அளந்து, நீள நோட்டில் எழுதினார். என்ன பொருள், எங்கே, எதற்கு. ஜாலி எதற்குத் தரையை ஒட்டி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். “கீழ உக்காருங்க” என்றார். என் முட்டி வலிக்கு அது பெரிய காரியம். உட்கார்ந்தேன். முதுகில் சிலுசிலுவென்று காற்று. “தரைல உக்காந்து சிட்டம் பிரிக்கிறவங்களுக்குன்னு வச்சிருக்காரு. நீங்க நாற்காலில உக்காந்துகினு பாத்தா எப்டித் தெரியும்?” என்றார். இருபது வருஷமாக அந்தக் கூடத்தில் புழங்குகிறவன் நான். அன்றுதான் அந்தக் காற்று என் மேல் பட்டது.

ஒரு முறை சங்கத்தில் எல்லாரும் வேன் பிடித்து, ஆரணிக்குப் பக்கத்திலிருக்கும் திருமலைக்குப் போனோம். மலைமேல் ஜைனக் கோயிலையும் பெரிய சிலையையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அந்த அம்மாவும் ரசித்தார். பாறையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இறங்கி வரும்போது சொன்னார்: “ஆயிரம் வருஷம் ஆச்சுன்னா பலகை வச்சுப் பாதுகாக்கறாங்க. நம்ம அப்பா காலத்துல சிமெண்ட்டும் செங்கல்லும் வச்சு, நம்ம ஊரு வெயிலுக்கும் நம்ம தொழிலுக்கும் ஒருத்தரு மண்டைய ஒடச்சுக்கினு யோசிச்சுக் கட்டுனதுக்கு மரியாத இல்லியா? அது ரொம்பப் பழசும் இல்ல, புதுசும் இல்ல. அதனால அனாதையா நிக்குது.”

நான் தலையாட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதே கூடத்தை இடிக்கிற யோசனை எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கூரை ஒழுகியது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் மழைநீர் வாய்க்கால்களிலிருந்து ஐந்தாறு இடத்தில் கொட்டும். ஐப்பசி வந்தால் பட்டைக் காப்பாற்றுவதா, பக்கெட்டை மாற்றுவதா என்று தெரியாது. வேலூரிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். மூன்று மாடி, முன்னால் முழுக்க நீலக் கண்ணாடி, ஏசி, லிஃப்ட். படத்தில் வாசலில் கார்கூட நின்றது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இடிக்கிற தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன்.

ஓவர்சியர் அம்மா காதுக்கு அது எட்டாமல் இருக்குமா? மறுநாளே சங்கத் தலைவர் முன்னால் வந்து நின்றார். தலைவர் இன்னமும் வீட்டில் தறி வைத்து நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

“ஒழுகுதுன்னுதான இடிக்கிறீங்க? எதுக்கு ஒழுகுதுன்னு கேட்டீங்களா?”

“பழசாயிடுச்சும்மா” என்றேன் நான்.

“வாய்க்கால்ல ஆளாளுக்கு மேல மேல காங்கிரீட்டப் போட்டுத் தண்ணி போற வழிய அடச்சிருக்கீங்க. எனக்கு இந்த ஒரு மழை குடுங்க. சுத்தம் பண்ணித் தர்றேன். மழைல ஒரு சொட்டு உள்ள விழுந்தா நானே வந்து மொதக் கடப்பாரை போடறேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒழுகாமல் எங்கே போகப் போகிறது? “சரிம்மா, பேசுனது பேசுனதுதான்” என்றேன்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாசமும் அந்த அம்மா ஏணியில் ஏறி இறங்கினார். கூட ஒரு கொத்தனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வாய்க்காலில் குந்தியிருந்து சொறி சொறியென்று சுரண்டினார்கள். அடைத்துக்கொண்டிருந்த காங்கிரீட் கூடை கூடையாகக் கீழே வந்தது. தோல் பையை மட்டும் கீழே ஆறாவது தூணடியில் வைத்துவிட்டு ஏறுவார். அதற்குக் காவல் நான். “செக்ரட்டரி சார், பை!” என்று மேலிருந்து குரல் வரும். “இருக்குதும்மா!” என்று நான் கத்த வேண்டும்.

இப்படிக் கத்திக் கத்தியே எனக்கு ஏதோ ஆகிவிட்டது. கண்ணாடிக் கட்டிடத்துப் படத்தை மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தேன் ஒரு நாள். எல்லாப் பக்கமும் ஒரே கண்ணாடி. மேற்கு வெயில் எங்கே விழும் என்று யோசித்தேன். இது எதுக்கு இங்க இருக்குது என்று என் வாய் என்னைக் கேளாமல் முணுமுணுத்தது. பேஜாராகிவிட்டது. தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது, மனசு மட்டும் ஒழுகக்கூடாது, ஒழுகக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறது.

ஐப்பசியில் ஒரு பகல் முழுக்க மழை கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். கூடத்தில் நாங்கள் எல்லாரும் அண்ணாந்து நின்றோம். முதல் வாய்க்கால் ஒழுகவில்லை. இரண்டாவது ஒழுகவில்லை. பெண்கள் சிட்டத்தைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். ஓவர்சியர் அம்மா மட்டும் சிரிக்காமல் ஆறாவது தூணைப் பார்த்தார். மூன்றாவது வாய்க்காலிலிருந்து தூணோரமாகத் தண்ணீர் இறங்கி, அவருடைய தோல் பையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் குடையோடு உள்ளே நுழைகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்ப் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரத்தின் மேல் நின்று தூணில் சாய்ந்துகொண்டேன். தலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. சட்டைக் காலருக்குள் இறங்குகிறது. முகத்தில் சிரிப்பு.

“இன்னாப்பா, ஒழுகுதா?” என்றார் தலைவர்.

“இல்லண்ணே. ஒரு சொட்டு கூட இல்ல.”

“நீ ஏன் நனஞ்சுகினு இருக்க?”

“வெளிய போய்ட்டு இப்பதான் வந்தேண்ணே.”

தலைவர் நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். வெளியே போகத் திரும்பினார். அதற்குள் ஓவர்சியர் அம்மா என் பக்கத்தில் வந்து, என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“ஐயா, இங்க ஒழுகுது” என்றார் தலைவரிடம். “சொன்ன சொல்லு சொன்னதுதான். இடிங்க. ஆனா எதுக்கு ஒழுகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிடறேன். புதுசா கட்டறப்போ உதவும்.” என் பக்கம் திரும்பி, “பொய்ய வச்சு முட்டுக் குடுத்து ஒரு கட்டிடத்த நிக்க வைக்கலாமா சார்?” என்றார். கோபமில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு ஏண்டா அந்தத் தீர்மானத்தை எழுதினோம் என்று இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. அம்மா மேலே ஏறினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவரையும் என்னையும் ஏறி வரச் சொன்னார். மூன்றாவது வாய்க்காலில், தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த தடம் தெரிந்தது.

“இங்க கையளவு ஒரு சிமெண்ட் கட்டி இருந்துச்சுங்க. யாரோ மிச்சக் கலவையக் கொட்டிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சு நான்தான் ஒடைக்கச் சொன்னேன்.” அம்மா அந்தத் தடத்தில் கை வைத்தார். “இந்த எடத்துல சரிவு ஜாஸ்தி. வேகமா வர்ற தண்ணியத் திருப்பி வுடறதுக்குன்னே அத வச்சிருக்காரு. ஊரெல்லாம் கேக்கறவ, இத மட்டும் நானே கேக்காம எடுத்துட்டேன்.”

கொத்தனாரை வைத்து அதே இடத்தில் கையளவு ஒரு மேடு கட்டினார். அது இறுகியதும் தலைவர் முன்னாலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வைத்தார். தண்ணீர் ஓடிவந்து, மேட்டில் முட்டி, சமர்த்தாகத் திரும்பிக் குழாய்க்குள் போயிற்று. நான் கீழே இறங்கி ஆறாவது தூணைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. தடவியது புறங்கையால் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

தலைவர் இறங்கி வந்து தூணடியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “எங்க தறில ஒரு மூலைல கந்தல் துணி ஒண்ணு கட்டியிருக்கும். எங்க அப்பா கட்டுனது. எவனாச்சும் புதுசா வந்து, குப்பையா இருக்குதேன்னு அவுத்தான்னா போச்சு, பொடவ கோணிக்கும். தறிக்காரனுக்குத்தான் அது தெரியும். இந்தக் கட்டிடம் தறி மாதிரிப்பா. நாம தெரியாதவனுங்க கணக்கா இடிக்கப் பாத்தோம்.” என்னைப் பார்த்து, “அந்தத் தீர்மானத்த எடுத்துகினு வா” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய கூடத்தின் மேற்குச் சுவரை, அடுத்த தையில் அந்த அம்மாவே கடப்பாரை எடுத்து இடித்தார் என்றால் நம்புவீர்களா? நான் பதறிப்போய் ஓடினேன்.

“இன்னாம்மா இது? தொடக்கூடாது தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு நீங்களே...”

“அந்த மெட்ராஸ்காரரு எல்லாத்தையும் யோசிச்சாரு. இத்தினி பொம்பளைங்க வேல செய்யற எடத்துல அவங்க எங்க போவாங்கன்னு மட்டும் யோசிக்கல” என்றார். “பக்கத்து வூட்டுல போய்க் கெஞ்சிகினு நிக்குதுங்க. இந்தச் சுவரு எதுக்கு இருக்குதுன்னு பாத்தேன். அந்தப் பக்கம் பழைய நூல் ரூமு இருந்துச்சு, இப்ப அந்த ரூமே இல்ல. காரணம் முடிஞ்சு போச்சு. தள்ளி நில்லுங்க, கல்லு விழும்.”

கழிவறை வந்தது. அதே செங்கல், அதே மாதிரி ஜாலி வைத்து, பழைய சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும் கட்டினார். வாசலில் படிக்குப் பக்கத்தில் சரிவுப்பாதை வந்தது. கூரைக் கண்ணாடிகள் மாறின. அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், இனிமேல் பை நனையக்கூடாது என்று ஆறாவது தூணில் ஒரு இரும்புக் கொக்கி அடித்தார். அவர் கைக்கு வாகான உயரத்தில். எனக்கு அது இடுப்பளவுதான். அந்தப் பக்கம் போகிற ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் அதில் முழங்கையை இடித்துக்கொண்டு வைவான்.

போன வருஷம், மாசி பிறந்த சமயம், நாலு நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். அழுதேன். என் அண்ணன் போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை என்று என் மனைவி சொல்கிறாள். காரியம் முடிந்ததும் அவருடைய கணவர் அந்த நீள நோட்டைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். “இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. எதுக்குன்னு நான் கேக்கல” என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

நோட்டில் கூடம் முழுக்க இருக்கிறது. வடக்குக் கண்ணாடி, சாம்பல் பூச்சு, தரை ஜாலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். கிழக்குச் சுவரில் தலைகீழாக வைத்திருக்கும் ஒரு ஜாலிக் கல்லுக்கு எதிரில், ‘காரணம் தெரியவில்லை. இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் வாய்க்கால் மேட்டுக்கு எதிரில், ‘காரணம் உண்டு. கேட்காமல் எடுத்தது என் தப்பு’. இரண்டு முறை தேடிவிட்டேன். ஆறாவது தூணின் கொக்கியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தன்னுடைய பொருளை அவர் கூடத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

போன வாரம் கூடத்தில் சாம்பல் பூச்சைப் புதுப்பிக்க ஆள் வந்திருந்தார். தூண் தூணாகத் தேய்த்துக்கொண்டே வந்தவர், ஆறாவது தூணில் முழங்கையை இடித்துக்கொண்டார்.

“இந்தக் கொக்கி எதுக்கு சார் இங்க இருக்குது?”

“ஒரு அம்மா பை மாட்டறதுக்கு அடிச்சாங்கப்பா” என்றேன்.

“அவங்க வருவாங்களா?”

“இல்ல. தவறிட்டாங்க.”

“அப்ப எடுத்துடறேன் சார். கையக் கிழிக்குது.”

சுத்தியலை எடுத்துவிட்டார். அந்த அம்மாவின் சட்டப்படி அவர் செய்வதுதான் சரி. காரணம் தெரியும். காரணம் முடிந்து போய்விட்டது. அவரே இருந்திருந்தால் சுத்தியலை எடுத்துக் கொடுத்திருப்பார். என் கையில் சங்கத்துக் காகிதங்களும் சாப்பாட்டு டப்பாவும் வைத்த மஞ்சள் பை இருந்தது. குனிந்து அதைக் கொக்கியில் மாட்டினேன்.

“என் பைக்கு எடம் வேணும்பா. நீ சுத்திப் பூசிக்கினு போ” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பையைச் சுற்றிப் பூசினார். நான் அறைக்குப் போய் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: ‘ஆறாவது தூண், கொக்கி. முன்பு ஓவர்சியர் அம்மா பை மாட்ட. இப்போது செயலாளர் பை மாட்ட.’ தினமும் காலையில் அதற்காகக் குனிகிறேன். இடுப்பு வலிக்கிறது.